கையோடு வருவது முன்பக்கம்

செப்டம்பர் 4, புதன்

காலையில் உணவகத்தில் பரிமாறும் வேலை, மதியம் கல்லூரி. முப்பத்தெட்டு வயதில் புத்தகப் பை.

தினமும் காபிக்கு வரும் கஸ் இன்றும் வம்புக்கு இழுத்தார். காபி ஊற்றும் முன் குடுவையின் மூக்கால் கோப்பையின் விளிம்பை டக்கென்று ஒரு தொடு தொடுவேன். "பதினோரு வருஷமா என் கப்ப முட்டுறியே, ஏம்மா?" என்றார். அதிர்ஷ்டத்துக்கு என்றேன். பதினோரு வருடமாக அதே பொய்.

உயிரியல் வகுப்பில் டாக்டர் நெஸ்விக் எல்லாருக்கும் சிவப்பு-நீலக் காகிதக் கண்ணாடி கொடுத்தார். போட்டுக்கொண்டால் திரையில் உள்ள மூலக்கூறு நேரில் வந்து நிற்குமாம். வகுப்பே வாயைப் பிளந்தது. நானும் பிளந்தேன். எனக்குத் தெரிந்தது நீலத்தில் ஒரு தட்டையான கிறுக்கல்.

பதினைந்து வயதில் ஐஸ் ஹாக்கி வட்டு பட்டு இடது கண் போனது. இப்போது இருப்பது பொய்க்கண். அம்மாவைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு கிடங்கில் வேலை கேட்கப் போனபோது உண்மையைச் சொன்னேன். கை குலுக்கி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மூடிய வாய். இந்த வகுப்பில் 'பி' கிரேடு வாங்கினால்தான் ஜனவரியில் மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பில் இடம். ஒற்றைக் கண்காரிக்குக் கொடுப்பார்களா? கேட்கப் போவதில்லை.

செப்டம்பர் 9

கண்ணாடி உறையில் அச்சிட்டிருப்பது மனப்பாடம் ஆகிவிட்டது. சிவப்பு இடது கண்ணுக்கு, நீலம் வலது கண்ணுக்கு. நடிக்கிறவள் வசனத்தில் தப்பு விடக் கூடாது.

செப்டம்பர் 18

நூலகக் கணினி முன் உட்கார்ந்தேன், என் பக்கம் யாரும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மவுஸை மட்டும் பிடித்தேன்.

மூலக்கூறைத் தானாகச் சுற்றவிட்டால் எது முன், எது பின் என்று குழம்புகிறது. நானே பிடித்து இழுத்தால் குழப்பமில்லை. கையோடு வருவது முன்பக்கம், கைக்கு எதிராகப் போவது பின்பக்கம். சாலையைக் கடக்கத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தூரம் பார்ப்பேனே, அதேதான். நடுவில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றி நாலு நைட்ரஜன், பக்கத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார ஒரு சின்னக் குழி. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். நான்! ஆழத்தை!

அழுதுவிட்டேன். பொய்க்கண் பக்கமும் கண்ணீர் வரும்.

அக்டோபர் 7

இருவர் இருவராகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு ஐலா கோஸ்கி. பத்தொன்பது வயது, படபடவென்று பேசுவாள். மயோகுளோபின் பற்றி நாங்கள் ஒரு இணையப் பக்கம் செய்ய வேண்டும் – தசையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதம். படிக்கிறவர்கள் பொத்தானை அழுத்தினால் மூலக்கூறு அதற்கேற்பத் திரும்பும். டாக்டர் நெஸ்விக் வைத்தது ஒரே விதி: புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது, கண்டதைத்தான் எழுத வேண்டும்.

அக்டோபர் 21

புரதத்தில் உள்ள சுருள்கள் எந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு போகின்றன? கண்ணாடி போட்டுப் பார்த்த ஐலா இடம் என்கிறாள். மவுஸால் திருப்பிப் பார்த்த எனக்கு வலம்.

"ரோண்டா, கண்ணு முன்னாடி நிக்குது, உங்களுக்குத் தெரியலயா?"

தெரியலயா என்றதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆமாம், இடதுதான் என்றேன். அப்படியே எழுதினோம்.

ஒரு கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு கண்ணோடு எப்படி வாதாடுவது?

நவம்பர் 4

எங்கள் இணையப் பக்கத்துக்கு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஓரத்தில் டாக்டர் நெஸ்விக்கின் கையெழுத்தில், "எல்லாம் வலப்பக்க முறுக்கு. உங்களுக்கு எப்படி இடமாகத் தெரிந்தது?" திருத்திக் கொடுக்க டிசம்பர் வரை நேரம் உண்டு.

ஐலா வகுப்பையே விடப் போகிறாளாம். "பாத்தத எழுதச் சொன்னாங்க. பாக்கவே தெரியாதவளுக்கு இந்தப் படிப்பு எதுக்கு?" முகம் வீங்கியிருந்தது.

நவம்பர் 6

இன்று அவள் கண்ணாடி மாட்டியதைக் கவனித்தேன். சிவப்பு வலது கண்ணில்! காகிதக் காதை மாற்றி மடித்து, உள்பக்கத்தை வெளியே போட்டிருக்கிறாள். அதனால்தான் முன் பின்னாகி, வலம் இடமாகியிருக்கிறது.

ஒரு வாக்கியம் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று தெரியும். சொல்லாமல் வந்துவிட்டேன். நானெல்லாம் என்ன மனுஷி?

நவம்பர் 13

சொல்லிவிட்டேன். கண்ணாடியைச் சரியாகத் திருப்பி மாட்டி நெடுநேரம் பார்த்தாள். பிறகு வந்தது அந்தக் கேள்வி. "நீங்க சரியாத்தானே பாத்தீங்க? அப்புறம் ஏன் இடதுன்னீங்க?"

கண், ஹாக்கி, கிடங்கு, எல்லாம் சொன்னேன். பரிதாபப்படுவாள் என்று நினைத்தேன்.

"சரின்னு தெரிஞ்சும் என்னை முட்டாளா உக்கார வச்சிருக்கீங்க. கண்ணு இல்லங்கறது எனக்குப் பெரிசில்ல. வாய் கூடவா இல்ல?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

நவம்பர் 15

பனி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 18

ஐலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். கால் மணி நேரம் அந்தச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையோட வர்றதுதானே முன்னாடி?"

ஆமாம் என்றேன். பக்கத்தை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தோம்.

டிசம்பர் 9

வகுப்பில் காட்டினோம். எல்லாரையும் ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்று கேட்டார் டாக்டர் நெஸ்விக். எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர், "செப்டம்பர்ல கண்ணாடி குடுத்தப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு தன் கண்ணையும் பொத்திக்கொண்டார். இருபது பேர் ஒற்றைக் கண்ணோடு மூலக்கூறைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 11

சேர்க்கைப் படிவத்தில் பார்வை பற்றி ஒரு கேள்வி. உள்ளதை எழுதி அனுப்பிவிட்டேன். இனி அவர்கள் பாடு.

டிசம்பர் 20

படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு மட்டும்தான் வருவேன் என்று முதலாளியம்மாவிடம் சொன்னேன். என்னைக் கட்டிக்கொண்டார்.

கஸ்ஸுக்கு ஊற்றப் போனேன். டக். "இன்னும் அதிர்ஷ்டமா?" என்றார்.

"இல்ல கஸ். என் இடது கண்ணு பொய்க்கண்ணு. தொட்டாத்தான் கப்பு எங்க இருக்குன்னு தெரியும்."

கஸ் கோப்பையை மெல்ல என் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இருந்தாலும் தொட்டே ஊத்து" என்றார். "பழகிப்போச்சு."