தீவுக் கிணற்றில் ஆறடி

27.4.94, புதன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக எதையும் விடமாட்டேன், சேர்க்கவும் மாட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை. பொய் எழுதி யாரை ஏமாற்ற?

நல்ல வெயில். நல்ல காற்று. கொச்சியிலிருந்து கப்பலில் ஒரு ராத்திரி, பிறகு படகில் இரண்டு மணி நேரம். அம்மா மூன்று தடவை வாந்தி. சோமனூர் மாமா ஐந்து. (அவர் இரண்டு என்கிறார். எண்ணியது நான்.)

வந்த காரணம்: டீலர்களிலேயே அப்பாதான் இந்த வருஷம் அதிக மோட்டார் பம்பு விற்றவர். அன்னூர் மாதிரி சின்ன ஊர்க் கடை! கம்பெனி எட்டு டீலர் குடும்பங்களை லட்சத்தீவுக்குக் கூட்டி வந்திருக்கிறது. சனி சாயங்காலம் கூட்டம், அப்பாவுக்கு முதல் பரிசு. சோமனூர் மாமா (அவரும் டீலர், உறவு இல்லை, எல்லோருக்கும் மாமா) இரண்டாவது.

தீவைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தென்னை, வெள்ளை மணல், பதினைந்து ஓலைக் குடிசை. உள்ளே வழவழப்பான தரை, வெள்ளை விரிப்பு, கொசுவலை. இல்லாதவை: டி.வி., போன், ஏ.சி., பிளாஸ்டிக் பை.

அம்மா: "ஏனுங்க, ஓலைக் குடிசையில படுக்கவா கப்பலேறி வந்தோம்?"

அப்பா: "பேசாம இரு அம்மணி. வெள்ளைக்காரனே இதுக்குத்தான் அங்கிருந்து வாரான்."

குடிசைச் சுவரில் இங்கிலீஷில் ஒரு அட்டை. எல்லோருக்கும் நான்தான் படித்துச் சொன்னேன். பவளத்தைத் தொடாதே, மிதிக்காதே. சோப்பு அவர்கள் தருவது மட்டும். ஒரு குடிசைக்கு ஒரு நாளைக்கு நல்ல தண்ணீர் இரண்டு வாளி.

இரண்டு வாளி என்றதும் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

28.4.94, வியாழன்

காலை: அடியில் கண்ணாடி வைத்த படகில் பவளத் திட்டு. பவளம் கல் இல்லை, உயிர் என்று பாடத்தில் படித்து மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இன்றுதான் நம்பினேன். மான் கொம்பு மாதிரி ஒன்று. மூளை மாதிரி ஒன்று. ஊதா விளிம்பு வைத்த தட்டு மாதிரி அடுக்கடுக்காக. முகமூடி போட்டுத் தண்ணீருக்குள் தலையை விட்டால் மொறுமொறு என்று சத்தம். கிளி மூக்கு மீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தமாம். கோமதி டீச்சரிடம் சொல்ல வேண்டும்.

ஆர்.எஸ்.புரத்தில் எடுத்த புதுச் சுடிதார் உப்பில் விறைத்துவிட்டது.

சாயங்காலம்: கிணற்றடி. கிணற்றுக்காரர் பெயர் ஆலிக்கோயா (இனி ஆ.கோ.). ஐம்பது வயது இருக்கும். பக்கத்துத் தீவு. முன்பு சூரை மீன் படகில் போனவர், தூண்டில் கயிறு இழுத்து இடது கையில் இரண்டு விரல் இல்லை. பொள்ளாச்சி தேங்காய் மண்டியில் நாலு வருஷம் இருந்ததால் தமிழ் பேசுகிறார்.

"இத்தனை சின்ன மோட்டாரா?" என்று கேட்டேன். சிரித்தார். கயிற்றில் பாட்டில் கட்டி மூன்று ஆழத்தில் தண்ணீர் எடுத்து மூன்றையும் என்னைக் குடிக்கச் சொன்னார்.

மேல் தண்ணீர்: நல்ல ருசி.
ஆறடியில்: கரிப்பு.
அடியில்: கடலேதான். துப்பிவிட்டேன்.

மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீர் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. மேலாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். காலை அரை மணி, மாலை அரை மணி. ஆழத்தில் உறிஞ்சினால் கடல் மேலே ஏறிவிடும். ஏறினால் மழை வரும்வரை இறங்காது. நம் ஊருக்கு நேர்மாறு. நம் ஊரில் தண்ணீர் இல்லையென்றால் இன்னும் ஆழத்துக்குப் போவோம்.

மோட்டாரை நான் போடட்டுமா என்று கெஞ்சினேன். ஷெட் கதவுக்குப் பின்னால் தொங்கும் கொட்டாங்கச்சியிலிருந்து சுவிட்சுப் பெட்டிச் சாவியை எடுத்துத் தந்தார். "ஆர்கிட்டயும் சொல்லக்கூடாது, கேட்டா மோளே." சத்தியம் செய்தேன்.

இரவுச் சாப்பாடு: மீன், தேங்காய்ச் சோறு. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடி எல்லா மேசைக்கும் போய் வந்தது. பெண்கள் எல்லோருக்கும் ஒரே கவலை. நாளைக்கு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். இரண்டு வாளியில் சீயக்காய் எப்படிப் போகும்?

29.4.94, வெள்ளி

மேகம் இல்லை. வரிசையாக எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு ஆ.கோ. ஜும்மா தொழுகைக்குப் பக்கத்துத் தீவுக்குப் படகில் போனார். ரிசார்ட் மேனேஜரும் சமையல்காரரும் சாமான் வாங்க அதே படகில். பெண்கள் எல்லோரும் தலையில் எண்ணெயோடு எங்கள் குடிசை வாசலில்.

சோமனூர் மாமா: "ஏனுங்க அன்னூர்க்காரரே! ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறவரு, ஊட்டுக்காரம்மா தலைக்கு ஊத்தத் தண்ணி இல்லீங்களே. பரிசை நானே வாங்கிக்கிறேன், உடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது.

கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தார். "அட, ஃபுட்வால்வு தண்ணிய முட்டிக்கிட்டுத்தான நிக்குது! இப்பிடி வெச்சா எப்பிடி இழுக்கும்? பாவம், இவங்களுக்கு மோட்டாரைப் பத்தி ஒண்ணும் தெரியலை. ஒரு ஆறடி இறக்குனா கொட்டுமே." (ஃபுட்வால்வு: குழாயின் அடி நுனியில் தண்ணீரை உறிஞ்சும் வாய்.) உதவி செய்கிற சந்தோஷம் அவர் முகத்தில். பிறகு, "சாவி எங்க வெச்சிருப்பாங்களோ?"

நான் சொன்னேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. "கொட்டாங்கச்சியில இருக்குதுங்கப்பா" என்று நானாகவே சொன்னேன். "பாத்தீங்களா, எம்பொண்ணுக்குத் தெரியாதது இல்லை" என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. குழாயை இறக்கும்போது ஸ்பானரைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

ஆறடித் தண்ணீரின் கரிப்பு அப்போதும் நாக்கில் ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. ஏன்? (1) அத்தனை பேர் முன்னால் அப்பாவைத் திருத்தக் கூச்சம். (2) ஒரு தடவைதானே என்று நினைத்தேன். (3) என் தலையும் பிசுபிசுவென்று இருந்தது. மூன்றாவதுதான் பெரிய காரணம் என்று பயமாக இருக்கிறது.

பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மோட்டார் ஓடியது. தொட்டி வழிந்தது. எட்டுக் குடிசையிலும் சீயக்காய் வாசம். நான் ஆறு வாளி ஊற்றிக்கொண்டேன். "அன்னூர் அண்ணன் வாழ்க!" என்று ஒரு அத்தை கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று மணிக்கு அப்பா குழாயைப் பழையபடி மேலே தூக்கிக் கட்டிவிட்டார். "நாம கை வெச்சது தெரிஞ்சா அந்த மனுசன் சங்கடப்படுவாரு கண்ணு. நமக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியலைன்னு ஆயிப்போகுமில்ல?" மரியாதைக்காகத்தான் செய்தார். இதை அவசியம் எழுதி வைக்க வேண்டும்.

30.4.94, சனி. மதியம்

காலை டீ உப்பு.

முதலில் சமையல்காரரைத் திட்டினார்கள். பிறகு வாளித் தண்ணீர். பிறகு கிணறு. மேல் தண்ணீரே கரிக்கிறது.

மேனேஜர் கொச்சிக்காரர். எல்லோர் முன்னாலும் ஆ.கோ.வைப் பார்த்துக் கத்தினார். "நீ மோட்டாரை ஓடவிட்டுட்டு பள்ளிக்குப் போயி!" (பள்ளி என்றால் மசூதி.)

"இல்ல சாரே. ஆஃப் செய்துட்டுதான் போனது."

"பின்னே தானா ஓடியோ?"

ஆ.கோ. குழாயைப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. நேற்று கைதட்டியவர்கள் எல்லோரும் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். நாளைக் காலை ஆறு மணிப் படகில் அவர் போய்விட வேண்டும், இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேனேஜர். ரிசார்ட்டைத் தவிர இங்கே கரையில் வேறு வேலை கிடையாது என்று சமையல்காரர் சொன்னார். இரண்டு விரல் இல்லாதவரை மீன் படகிலும் சேர்க்க மாட்டார்களாம்.

குடிக்கத் தண்ணீர் இனி பக்கத்துத் தீவிலிருந்து கேனில் வரும். கடைசிக் குடிசையில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரத் தம்பதி நாளையே கிளம்புகிறார்கள். இரண்டு நாளும் அவர்கள் ஒரே வாளியில் குளித்ததைப் பார்த்தேன்.

அப்பாவைத் தென்னைக்குப் பின்னால் கூப்பிட்டு மூன்று பாட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறடிக்குக் கீழ உப்பா? எவன் கண்டான்!" முகம் வெளுத்துவிட்டது. பிறகு மெதுவாக, "உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமையே தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இன்னைக்குக் கூட்டம் முடியட்டும் கண்ணு. மோட்டார் விக்கிறவனே கிணத்தைக் கெடுத்துப்போட்டான்னு கம்பெனிக்காரங்க முன்னால... ஊர்ல எப்பிடித் தலை காட்டறது? காலையில பாத்துக்கலாம்."

காலையில் படகு ஆறு மணிக்கு.

சனி. சாயங்காலம்

நாலு மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். தனியாக. அப்பா பெயர் வராமல் ஆ.கோ.வைக் காப்பாற்றிவிடலாம் என்று திட்டம்.

"மோட்டார் போட்டது அவரில்லீங்க சார். நான்தானுங்க."

"நீயோ? சாவி எவிடெ இருந்நு கிட்டி?" (எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறார்.)

"கொட்டாங்கச்சியில. அவரு காட்டினாரு."

மேனேஜர் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். கோபம் வரவில்லை. "பாப்பா மேல தப்பில்ல. சின்னக் குட்டி. விருந்தாளிக் குட்டிக்குச் சாவி காட்டிக் குடுத்தது அவன். அப்போ அவன் தப்பு ரெண்டாச்சு." ஒரு தாளில் எழுதினார். எனக்கு எலுமிச்சை ஜூஸ் வரவழைத்தார். கேன் தண்ணீரில் போட்டது.

நான் அதைக் குடித்தேன். முழுவதும்.

வெளியே வந்தால் கிணற்றடியில் ஆ.கோ. தகரப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். சாவி விஷயம் அதற்குள் அவருக்குப் போய்விட்டது. நான் வாயைத் திறக்குமுன் "சாரமில்ல மோளே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லாததற்குத்தான் எல்லோரும் அப்படிச் சொல்கிறார்கள்.

பாதி உண்மையும் பாதிப் பொய்யும் சேர்த்துச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருந்தால் அவருக்கு ஒரு தப்பு. இப்போது இரண்டு.

திரும்பி வந்து அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ஜூஸ் குடித்தது உட்பட. அப்பா கூட்டத்துக்காக ஷேவ் செய்துகொண்டிருந்தார். பாதிக் கன்னத்தில் சோப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காகவா பொய் சொன்னே?"

"ஆமாங்க."

அம்மா ஒரு மூலையில் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டே அழுதாள். "எண்ணெய் தேய்க்கோணும்னு மொதல்ல சொன்னது நானுங்க" என்றாள். அப்பா மீதிக் கன்னத்தை மழித்தார். வெள்ளைச் சட்டை போட்டார். அம்மாவும் அவரும் போய்விட்டார்கள். நான் தலைவலி என்று சொல்லி இங்கே.

சனி. எட்டே முக்கால்

சாப்பாட்டுக் கொட்டகைக்குச் சுவர் இல்லை. இங்கிருந்து முப்பது அடி. ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. கேட்கக் கேட்க எழுதுகிறேன்.

கம்பெனி அதிகாரி பேச்சு. நீளம். கைதட்டல். சோமனூர் மாமாவுக்கு இரண்டாம் பரிசு. விசில்.

"முதல் பரிசு, அன்னூர்!" பெரிய கைதட்டல். சோமனூர் மாமா: "தண்ணி தெய்வமே, வாங்கோ!"

ஒன்பது மணிக்கு ஜெனரேட்டர் நின்றுவிடும், சீக்கிரம் முடியுங்கள் என்று மேனேஜர்.

அப்பா: "எல்லாருக்கும் வணக்கமுங்க. இதை வாங்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லோணுங்க. மேனேஜர் சார், அந்த ஆலிக்கோயாவையும் கொஞ்சம் இங்க கூப்புடுங்க."

நாற்காலி இழுபடுகிறது. யாரோ மணலில் ஓடுகிறார்கள். ஆ.கோ. வந்துவிட்டார் போலிருக்கிறது.

"இவரு மோட்டாரைப் போடலீங்க. எம்பொண்ணும் போடலீங்க. ஃபுட்வால்வை ஆறடி இறக்கி, மூணு மணி நேரம் ஓட்டினது நானுங்க. எனக்குத் தொழில் தெரியும்னு நெனச்சுப்போட்டேன். மறுபடி தூக்கிக் கட்டி மறைச்சதும் நானுங்க. இவரை அனுப்பாதீங்க. அனுப்பறதா இருந்தா"

ஒன்பது மணி, விளக்கை அணைத்துவிட்டார்கள். எழுத்து தெரியவில்லை.