தேத்தண்ணி நேரம்

4 மார்ச் 2024, திங்கள்

வழக்கம்போல இந்த வாரத்துக்கான இறங்கு அனுமதிப் படிவங்கள் ஐந்தையும் காலையிலேயே எழுதி முடித்தேன். கழிவுநீர்க் கிணற்றுக்குள் ஆள் இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படிவம் வேண்டும். 'காற்றுப் பரிசோதனை' என்ற கட்டத்தில் 'சரி'. 'நச்சு வாயு அளவு' என்ற கட்டத்தில் பூச்சியம். கட்டம் வெறுமையாகக் கிடந்தால் கணக்காய்வில் கேள்வி வரும். ஓய்வுபெற்ற பிறகும் என்னை ஒப்பந்தத்தில் வைத்திருப்பதே இந்த ஒழுங்குக்காகத்தான்.

புதிதாக வந்திருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுஹைரா, கிண்ணியாவிலிருந்து வந்த பிள்ளை, படிவக் கோவையைப் புரட்டினார். "சேர், வெள்ளிக்கிழமை கிணத்துக்குள்ள காத்து எப்படி இரிக்கும் எண்டு ஒங்களுக்குத் திங்கக்கிழமையே தெரியுமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற கிறிஸ்தோபர் சிரித்துவிட்டார். கிணற்றுக்குள் இறங்குகிறவர் அவர்தான். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

தவக்காலம். சீனி இல்லாத தேநீர். சீலா பனங்கட்டித் துண்டொன்றை நீட்டினாள். அது சீனிக்குள் அடங்காதாம். என் மனைவி இப்படித்தான்.

5 மார்ச், செவ்வாய்

வெள்ளிக்கிழமைப் படிவத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை.

7 மார்ச், வியாழன்

சுஹைரா வாயு அளக்கும் மீட்டரைக் கேட்டார். அது என் அலுமாரிக்குள் இருக்கிறது. 2019இல் நான் கையொப்பமிட்டுப் பொறுப்பெடுத்தது, சுற்றிய பொலித்தீன்கூடக் கழற்றப்படவில்லை. கிணற்றுக்குள் விழுந்தால் என் பெயரில் நிற்கும் என்று பூட்டி வைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பற்றரி செத்துப்போயிருந்தது. திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அதற்கு மேலிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். உடனே இருந்து கடிதத்தை எழுதினார்.

மீட்டர் இல்லாமல் இவ்வளவு காலமும் எப்படி இறங்கினீர்கள் என்று கிறிஸ்தோபரைக் கேட்டார். மூடியைத் திறந்துவிட்டு எதிர்க்கடையில் போய் ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள். அது முடியும் நேரத்துக்குள் கெட்ட காற்றுப் போய்விடுமாம். பிறகு குனிந்து மணந்து பார்ப்பார்கள். மணம் இல்லையென்றால் இறங்குவார்கள். கிறிஸ்தோபருக்கு முன்பிருந்தவர்களும் அப்படியே.

நான் பேராதனையில் இரசாயனம் படித்தவன். கழிவுநீரில் ஊறும் நச்சு வாயு கொஞ்சமாக இருந்தால் கூழ் முட்டை மணக்கும், கூடிவிட்டால் மூக்கு செத்துவிடும், மணமே தெரியாது. மணம் இல்லாத கிணறுதான் பயங்கரமான கிணறு. இதை ஐம்பது வருடமாக அறிந்திருக்கிறேன். கிறிஸ்தோபருக்கு ஒரு நாளாவது சொன்னேனா? அவர் இறங்கினார், ஏறி வந்தார், அதனால் சொல்லவில்லை. இது ஒரு காரணமா?

சுஹைரா வந்து மூன்று வாரத்தில் அதை அவருக்குச் சொல்லிவிட்டார்.

12 மார்ச், செவ்வாய்

ரமழானின் முதல் நோன்பு. காலை ஒன்பது மணிக்கு மீன் சந்தைக்குப் பின்னாலுள்ள கிணற்றில் கழிவுநீர் இறைக்கும் பம்பி நின்றுவிட்டது. கந்தல் சிக்கியிருக்கும், ஒருவர் இறங்கிக் கையால் இழுத்தெடுக்க வேண்டும். கிறிஸ்தோபர் மூடியைத் திறந்துவிட்டுக் கடைப்பக்கம் திரும்பினார். மீட்டர் திருத்தப்படும்வரை எவரும் இறங்கக் கூடாது என்று சுஹைரா தடுத்தார்.

"ஒரு தேத்தண்ணி நேரம் விட்டாக் காணும் மிஸ்."

"நான் நோன்பு. இண்டைக்கு அந்தக் கணக்கு சரிவராது" என்றார்.

அதற்குள் கழிவுநீர் வீதிக்கு வரத் தொடங்கிவிட்டது. சந்தைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏசினார்கள். பொறுப்பதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் செவ்வாய்க்கிழமைப் படிவம். என் கையெழுத்து. "காற்று சரியெண்டு எழுதியிருக்கு. ஆளை இறக்குங்கோ."

சுஹைரா கிறிஸ்தோபரிடம் திரும்பினார். மூடியை இழுத்து மூடச் சொன்னார். பம்பி அறையிலிருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிவந்து மூடியின் மேல் வைத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல இருந்துவிட்டார்.

ஐந்து மணித்தியாலம். அந்த வெயிலில், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல். தகுதிகாண் காலம் முடியவில்லை, உங்கள் வேலை போகும் என்று பொறுப்பதிகாரி மூன்று தரம் சொன்னார். மீன்காரர் ஒருவர் ஏசுவதை விட்டுவிட்டுக் குடை பிடித்தார். "அவருக்குப் பிடிங்க, அவர்தான் வாடிப்போறார்" என்று பொறுப்பதிகாரியைக் காட்டினார் சுஹைரா. அதிகாரியைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மணிக்கு எங்கிருந்தோ ஒரு பவுசர் வண்டியைப் பிடித்துவந்து, ஆள் இறங்காமலே கிணற்றை உறிஞ்சி எடுத்தார்கள். அது காலையிலேயே முடிந்திருக்கக்கூடிய காரியம்.

நான் பதினைந்து அடி தள்ளி, மதில் நிழலில் நின்றேன். அந்தப் படிவம் நேற்று எழுதியது என்று சொல்ல எனக்கு ஐந்து மணித்தியாலம் இருந்தது.

திரும்பி வரும்போது கிறிஸ்தோபர், "இந்தப் பிள்ளைக்கு விசர் பிடிச்சிட்டுது, ஐயா" என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, "எனக்கு மூண்டு பிள்ளையள் எண்டது அவவுக்கு ஞாபகம் இருந்திருக்கு" என்றார்.

13 மார்ச், புதன்

சுஹைராவை இடைநிறுத்திவிட்டார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படியாமை. பொதுவீதியில் கழிவுநீர் பாயக் காரணமாக இருந்தமை. ஆதாரம் என் படிவம்.

18 மார்ச், திங்கள்

படிவங்களை எடுத்தேன், வைத்தேன். இன்றைக்கு உரியதை மட்டும் எழுதினேன். வாயு அளவை வெறுமையாக விட்டேன். கை பழக்கத்தில் பூச்சியத்துக்குப் போனது, இழுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விசாரணை. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள், கையெழுத்தை அடையாளம் காட்ட மட்டும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று பொறுப்பதிகாரி தோளில் தட்டினார். ஒப்பந்தம் மாத முடிவில் புதுப்பிக்க இருக்கிறது என்றும் சொன்னார்.

சீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இஞ்சரப்பா, இவ்வளவு நாளும் பேப்பரில பொய் எழுதினியள். இனி வாயாலயும் சொல்லப்போறியளோ?"

நான் பொய் எழுதினேன் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. கட்டம் நிரப்பினேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

21 மார்ச், வியாழன்

சொல்ல வேண்டியவற்றை மூன்று குறிப்புகளாக எழுதிக்கொண்டு போனேன். தாள் சட்டைப்பைக்குள்ளேயே கிடந்தது.

இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பொறுப்பதிகாரி தலையாட்டினார். அவ்வளவுதான், நீங்கள் போகலாம் என்றார்கள். எழுந்துவிட்டேன். கதவடி வரைக்கும் போய்விட்டேன். அங்கே சுவரோரமிருந்த நீள வாங்கில் சுஹைரா அதே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்து, "சேர் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

நோன்பிருக்கிற பிள்ளை என்னைக் கேட்கிறது!

திரும்பிப் போனேன். "அது நான் முதல் நாள் எழுதினது. காத்தை ஒருத்தரும் அளக்கேல்லை" என்றேன். மற்ற நாட்களிலோ என்று விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார். "ஒரு நாளும் அளக்கேல்லை. ஐஞ்சு வருசமா." மூக்கு செத்துப்போவதையும் சொன்னேன். சாவிக்கொத்திலிருந்து அலுமாரித் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன், மீட்டர் ஐந்து வருடமாக அதற்குள்தான், இன்னும் கொழும்புக்குப் போகவில்லை என்றேன். தலைவர் அந்தத் திறப்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

பிறகு சுஹைராவைக் கூப்பிட்டு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்களாம். தன்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். "சேரை மட்டும் பிடிச்சிராதீங்க. அந்தப் பேப்பர ஐஞ்சு வருசமா வாசிக்காமக் கையெழுத்து வச்ச ஆக்களும் இரிக்காங்க" என்றாராம்.

அவருக்கு என் பேத்தியின் வயதுதான் கூடக்குறைய. அந்தக் கதிரையில் ஐந்து நிமிடம் இருக்க எனக்குத் துணிவு வந்திருக்குமா? வந்திருக்காது. உண்மையை எழுதுகிறேன்.

28 மார்ச், பெரிய வியாழன்

சுஹைராவைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. இரண்டும் சரியான கடிதங்கள்.

16 ஏப்ரல், செவ்வாய்

மாலை, கிறிஸ்தோபர் சாம்பல்தீவுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மீட்டர் திருத்தி வந்துவிட்டதாம். இன்று மீன் சந்தைக் கிணறு. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாராம், மணமே இல்லையாம். முந்தியென்றால் இறங்கியிருப்பாராம். சுஹைரா மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினாராம்.

"பாதிக்குப் போக முன்னமே கத்தத் தொடங்கீட்டுது, ஐயா."

கிணற்றுக்குள் புதுக்காற்று அடிக்கும் காற்றூதியைப் போட்டுவிட்டு எல்லோரும் கடைக்குப் போனார்களாம். நோன்புப் பெருநாள் முடிந்துவிட்டதால் சுஹைராவும் வந்தாராம். எத்தனை தேத்தண்ணி குடித்தீர்கள் என்று கேட்டேன்.

"மூண்டு. போய்ப் பாத்தா அதுக்குப் பிறகும் கத்துது. நாளைக்குத்தான் பாப்பம் எண்டிட்டா."

சீலா அவருக்குத் தேநீர் கொண்டுவந்தாள், சீனி போட்டு. அவர் ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தார். முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.