பேஸைக் கொஞ்சம் கூட்டு

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. அன்னவாசல் பஸ்ஸில் பேஸ் கிதாரை மடியில் நிறுத்திப் பிடித்தபடி. கண்டக்டர்: "இதுக்கு லக்கேஜ் போடணுங்க." போட்டார்.

செந்தில் வீட்டு மாடியில் ரெக்கார்டிங். செந்தில் கிதார், ரஷீது டிரம்ஸ், நான் அடிச்சுருதிக்குப் பேஸ். பேண்டே அவ்வளவுதான். முதல் சொந்தப் பாட்டு, மெட்டல் இசை. என் பகுதி மதியத்துக்குள் முடிந்தது. விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

ரஷீதுக்கு வரும் வியாழனுக்கு அடுத்த வியாழன் தோஹா விமானம். அதற்குள் பாட்டு வெளியாக வேண்டும். இதிலாவது என் வாசிப்பு காதில் விழ வேண்டும். எங்கே வாசித்தாலும் "நீ என்ன வாசிச்ச?" என்றே கேட்கிறார்கள், அம்மா உட்பட.

வாங்க: மெழுகுவர்த்தி, கொசுவத்தி.

நவ. 12, புதன்
வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நிற்க நேரமில்லை. ஊரெல்லாம் காய்ச்சல். செந்தில் மூன்றையும் சேர்த்து முதல் மிக்ஸ் அனுப்பினான். இயர்போனில் தேடித் தேடிப் பார்த்தேன், நான் இல்லை. "பேஸைக் கொஞ்சம் கூட்டு" என்று போட்டேன். சாயங்காலம் இரண்டாவது. இன்னும் கொஞ்சம் என்றேன். மூன்றாவதில் வந்துவிட்டது. அடியில் கும்மென்று, நான்.

"இப்பத்தான் கரெக்ட். இனி தொடாத." அனுப்பிவிட்டேன். சோறு கூட ருசியாக இருந்தது.

நவ. 16, ஞாயிறு
எழுதவே பிடிக்கவில்லை.

கடைசியாக ஒருமுறை கேட்கலாம் என்று செந்தில் வீட்டில் மூவரும். ரஷீது லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். "டேய் செந்திலு, பேஸு டிராக்கு ஆஃப்ல கெடக்குடா."

மூன்று மிக்ஸிலும் அப்படியே. ஆஃபில் இருப்பதைக் கவனிக்காமல் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். நான் கேட்டது அவன் கிதாரை. கம்பிகளின் சுருதியை அவ்வளவு இறக்கி வைத்திருக்கிறான். அவன் வாசிப்பதையே நானும் கீழே அப்படியே வாசித்திருக்கிறேன். மெட்டலில் பேஸ் என்றால் அதுதான் என்று நினைத்தேன், மடச்சி.

ஆன் பண்ணிக் கேட்டோம். சத்தமெல்லாம் கலங்கி ஒரே சேறு. டிரம்ஸ் அடியே தெரியவில்லை.

"வேற மாதிரி வாசிச்சுப் பாக்குறியா? நான் போறதுக்குள்ள முடிச்சுரலாம்," ரஷீது. பார்த்தேன். பொழுது சாயும்வரை. கிதாரை விட்டுவிட்டு டிரம்ஸோடு தனியாக நடக்க வேண்டும். கை பழைய தடத்துக்கே ஓடுகிறது.

"நீயே சொல்லு. வேணும்னா வச்சுக்குவோம்," செந்தில்.

"ஆஃப்லயே இருக்கட்டும்" என்றேன். அங்கே அழவில்லை. பஸ்ஸில் வந்தது.

நவ. 20, வியாழன்
வெயில். ரஷீது விடியற்காலை கிளம்பிவிட்டான். பாட்டு நேற்று வெளியானது. பேஸ் என்று போட்டு என் பெயரும். எடுக்கச் சொல்ல வாய் வரவில்லை.

வருஷக்கணக்காக இந்தச் சத்தத்தைத் திட்டும் அம்மா, என் இயர்போனை வாங்கி மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள்.

"அடியில கும்முன்னு ஒண்ணு கேக்குதே, அது நீதானடி? நல்லாத்தான் இருக்கு."

ஆமாம்மா என்றேன்.