மண் சுவரில் சாய்ந்து தூங்கியவர்

சித்திரை, செவ்வாய் இரவு.

இன்று உச்சி வெயிலில் கணவரின் அண்ணன் மேஸ்திரியோடு வந்து நின்றார். கெலமங்கலத்தில் நாங்கள் இருக்கும் இந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டுமாம்.

“இன்னும் எத்தன நாளைக்கும்மா இந்த மண்ணு வூட்டுல கெடப்பீங்க?”

“அவரு ஓசூர்ல நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பகல்லதான் மாமா தூங்கறாரு, இப்பவும் உள்ளதான் படுத்திருக்காரு. உங்க மாடி வூட்டுல ஃபேன் போட்டா அனல்தான எறங்குது?” நின்றபடிதான் கேட்டேன். அவர் முன்னால் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை.

பதில் சொல்லத் தொடங்கியவர் அந்தத் தடித்த மண் சுவரில் சாய்ந்தார். பாதிப் பேச்சிலேயே குறட்டை. மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்தார். முகம் கழுவி, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சொல்கிறார்: “நாளைக்குக் காலையில இடிக்க வண்டி வருது. சாமானெல்லாம் எடுத்து வெச்சிருங்க.”

வரட்டும். காலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குத் தூங்க இடம் வேண்டும். ஒரு சொம்பைக்கூட நகர்த்த மாட்டேன். மாமா சாய்ந்து தூங்கிய அதே இடத்தில், அவர் கண்ணெதிரே, காலை நீட்டி உட்காரப் போகிறேன்.