நீராவிச் சுருளில் ஓட்டை இல்லை

மாப்ள,

இன்று காலை, விடுதிப் பள்ளியின் பின்கட்டில் இருக்கும் சரோஜா அக்காவின் சலவைக்கூடத்துக்குப் போயிருந்தேன். நாம் கட்டிக்கொடுத்த முதல் துணி உலர்த்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெல்ட் வழுக்குகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே செருகியிருந்த கம்பி வலையை வெளியே உருவினார். பஞ்சும் கஞ்சித் தூளுமாக அதில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. ஜவ்வரிசிக் கஞ்சி சூட்டில் காய்ந்தால் ஒரு வாசனை வருமே, வடாம் கருகுகிற மாதிரி, அது மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ போய் இரண்டு வருடமாகிறது. இந்த இரண்டு வருடத்தில் உன்னிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள்கூட ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை. பாதியில் வேறு வேலை வந்துவிடும். வேலை வராவிட்டால் நானே ஒன்றைத் தேடிக்கொள்வேன். இன்றைக்கு முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வழக்கம்போல நீட்டி முழக்குவேன், நீ வழக்கம்போல நடுவில் கொட்டாவி விட்டுக்கொள்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஐப்பசி ஞாபகம் இருக்கிறதா? நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அந்த விடுதிப் பள்ளி. பிள்ளைகளின் துணியை வெளுத்துக் கொடுக்கும் வேலையை அக்கா அப்போதுதான் எடுத்திருந்தார். வெயில் நாளில் மொட்டை மாடிக் கொடிகளே போதும். அந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வராந்தா முழுக்கச் சட்டைகள் தொங்கின, ஒன்றும் காயவில்லை. பிள்ளைகள் ஈரக் கால்சட்டையோடு வகுப்பில் உட்கார்ந்து தொடையெல்லாம் சொறிந்துகொண்டிருந்தார்கள். “தீவாளி லீவு முடிஞ்சு புள்ளைங்க வாரதுக்குள்ள ஒரு வழி பண்ணிக் குடுங்க சாமி. இல்லாட்டி என்னைய மாத்திப்போடுவாங்க” என்று அக்கா நம் இருவரையும் பார்த்துக் கைகூப்பினார்.

வழி அங்கேயே கிடந்தது. அந்த விடுதிச் சமையலறையில் விறகு போட்டு எரிக்கும் பாய்லர் ஒன்று உண்டு. விடியற்காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் ஆவி போய்விட்டால் நடுவில் அது சும்மா புகைந்துகொண்டிருக்கும். அந்த ஆவியை ஒரு குழாயில் பின்கட்டுக்கு இழுத்து, துணி உலர்த்த வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நான் சேலத்தில் டிப்ளமோ படித்தவன், காகிதத்தில் புலி. நீ ஐ.டி.ஐ. முடித்து லாரிப் பட்டறைகளில் வெல்டிங் பிடித்தவன், தகரத்தில் புலி. சேலத்தில் ஒரே அறையில் மூன்று வருடம் ஒண்டியிருந்த காலத்திலிருந்து நமக்குள் இதுதான் ஏற்பாடு: நான் வரைவேன், நீ அதைத் திட்டிக்கொண்டே செய்வாய்.

துணி உலர்த்துவது பெரிய வித்தையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய், அதன்மேல் நெருக்கமாக அலுமினியத் தகடுகள். அதுதான் நீராவிச் சுருள், உன் பாஷையில் காயில். உள்ளே ஆவி ஓடும், வெளியே, புளோயர் விசிறி இழுக்கும் காற்று உரசிப் போய்ச் சூடாகும். சூடான காற்று, சுழலும் உருளைக்குள் இருக்கும் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். அவ்வளவுதானே. ஆனால் நீ கேள்வி கேட்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. ஆவி குளிர்ந்து நீராகிக் குழாயின் அடியில் தேங்கினால் சூடு பாதியாகிவிடும் என்று சுருளைச் சாய்வாக வைக்கச் சொன்னாய். அந்த வெந்நீரைச் சாக்கடைக்கு விடாமல் பாய்லர் தொட்டிக்கே திருப்பிவிட்டாய். வண்டியின் கேபினுக்கு வைப்பதுபோல இரண்டு தகடுகளுக்கு நடுவே கண்ணாடிப் பஞ்சை அடைத்தாய். மிஷின் ஓடும்போது வெளித்தகட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்து, “சூடு வெளிய வல்ல மாப்ள, உள்ளதான் இருக்குது” என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பை வரைபடத்தில் எங்கே போடுவது?

என்னுடைய சொந்தக் கெட்டிக்காரத்தனம் என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று. உருளையை விட்டு வெளியேறும் காற்று இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, அதை முழுக்க ஏன் வானத்துக்குத் தானம் செய்ய வேண்டும்? பாதிக் காற்றை ஒரு பக்கவாட்டுக் குழாய் வழியாகத் திரும்பவும் சுருளுக்கே கொண்டுவந்தேன். விறகு கணிசமாக மிச்சமாகும் என்று நோட்டில் மூன்று பக்கம் கணக்குப் போட்டு உனக்குக் காட்டினேன். நீ நோட்டைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தாய்.

“கஞ்சி போட்ட துணியாச்சே மாப்ள. அந்தத் தூளு திரும்பி உள்ள வராதா? ஒரு சல்லடை வெச்சுரலாமா?”

“சல்லடை வெச்சா காத்து தடுக்கும். புளோயர் இழுக்காது. நீ வெல்டிங்கைப் பாரு” என்றேன்.

பள்ளிபாளையத்தில் என் பட்டறைக் கொட்டகையில், ஒரு சின்ன பாய்லரை இரவல் வாங்கி வைத்துச் சோதித்துப் பார்த்தோம். அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களிடம் கேட்டு வாங்கிய துண்டுகளை நனைத்துப் போட்டோம். அலசிய துண்டுகள், கஞ்சி கிடையாது. முக்கால் மணி நேரத்தில் அப்பளமாகக் காய்ந்து வந்தன. நான் உன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன். அந்தப் பள்ளியில் திங்கட்கிழமை என்றால் வெள்ளைச் சட்டை, அது மொடமொடவென்று நிற்க வேண்டும், அதற்கு அக்கா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து குருணை ஜவ்வரிசி வாங்கிவந்து கெட்டியாகக் கஞ்சி காய்ச்சுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் துண்டை வைத்துச் சோதித்தேன்.

பத்து நாள் ராஜா மாதிரி ஓடியது. பிறகு முக்கால் மணி ஒரு மணியாயிற்று. ஒரு மணி ஒன்றரையாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயவே மறுத்துவிட்டது. மறுநாள் வெள்ளைச் சட்டை நாள். அக்கா அழுதுகொண்டே போன் செய்தார். நாம் போய்ச் சேர்ந்தபோது பள்ளியின் பங்குதாரர்களில் ஒருவர் அங்கே நின்றிருந்தார். டேங்கர் லாரிக்குத் தொட்டி கட்டும் பட்டறை முதலாளி. அவரிடம் தொட்டி வெல்டிங் வேலை வாங்க நீ எத்தனை வருடமாக நடந்தாய் என்பது எனக்குத் தெரியும். அது வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடிக்கிற மாதிரி இல்லை, வெல்டருக்கு அது பட்டம் கட்டுகிற மாதிரி. சின்னச் சின்ன வேலையாகக் கொடுத்துப் பார்த்துவிட்டு, தைக்குப் பிறகு தொட்டியே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

“என்னாச்சுங்க?” என்று அவர் கேட்டது என்னை. வரைந்தவன் நான்தானே.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யோசிக்க ஒரு நிமிடம் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. “காயில் வெல்டிங்ல ஊசித்துளை இருக்குதுங்க. ஆவி கசிஞ்சு துணியை நனைக்குது” என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகக்கூட இல்லை. “காத்து புடிச்சுத் தண்ணித்தொட்டீல முக்கிப் பாத்துரலாமா மாப்ள? ஓட்டை இருந்தா கொப்புளம் வரும். ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சுரும்.”

“பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கழட்டிட்டு வேற போடு.”

“செரி” என்றாய்.

அந்த வாரம் அக்கா பாய்லர் அறையில் கொடி கட்டி எப்படியோ சமாளித்தார். நீ மூன்று நாள் கண் சிவக்க உட்கார்ந்து புதுச் சுருள் செய்தாய். போட்டவுடன் துணி முக்கால் மணியில் காய்ந்தது. அக்காவின் வேலை தப்பியது, எல்லோருக்கும் சந்தோஷம். உன் பழைய வெல்டிங்கில்தான் கோளாறு என்பது அதோடு ஊர்ஜிதமும் ஆகிவிட்டது. தை மாதம் தொட்டி வேலை வேறொருவருக்குப் போயிற்று. டீக்கடையில் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்: “காயிலே ஒழுகுதாம், டேங்க்கை எப்படி நம்பறதுன்னு கேட்டாராம். போச்சாது உடு மாப்ள. கேட்டு, கிரில்லு வேலை கெடக்குது.” டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துபோனாய்.

அதற்கு அடுத்த வாரம், பழைய சுருள் என் கொட்டகை மூலையில் கிடப்பதைப் பார்த்தேன். எதற்கு அந்தப் புத்தி வந்தது என்று தெரியவில்லை. ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றுப் பிடித்து, தொட்டியில் முக்கினேன். நீ சொன்ன இரண்டு நிமிடம் நின்றேன், பிறகு கால் மணி நேரம் நின்றேன். ஒரு கொப்புளம் வரவில்லை. வெளியே எடுத்துத் தகடுகளுக்கு நடுவே நகத்தால் சுரண்டினேன். சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி உரிந்து வந்தது. முகர்ந்தேன். கருகிய கஞ்சி. என் பக்கவாட்டுக் குழாய் வழியாகத் திரும்பி வந்த தூள், சூட்டில் வெந்து, காற்று நுழைய இடமில்லாமல் சுருளை மூடியிருந்தது.

மறுநாளே அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது பங்குச் சாமியாரிடம் மற்ற எல்லாப் பாவத்தையும் ஒழுங்காகச் சொன்னேன். இதை மட்டும் ‘பொய் சொன்னேன்’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டேன். யாரைப் பற்றி என்று அவரும் கேட்கவில்லை.

ஓமலூரில் கட்டிய இரண்டாவது உலர்த்தியில், என் வரைபடத்தில் இல்லாத ஒரு கம்பி வலை இருந்தது, அழகாகச் சட்டம் அடித்து, இழுத்தால் வெளியே வரும்படி. “இதென்னடா?” என்றேன். “பூச்சி உள்ள வராம இருக்கறதுக்கு” என்றாய். “ம்” என்றேன். அதன்பிறகு ஏழு மிஷின் செய்தோம். ஏழிலும் அந்த வலை இருந்தது, அக்காவின் முதல் உலர்த்தியிலும் அதே மாதிரி ஒன்று செருகியிருந்ததைப் பிறகு பார்த்தேன். பூச்சியைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

இன்று காலை அக்கா வலையைக் குழாயடியில் கழுவும்போது, “பூச்சி வலையில இவ்வளவு கஞ்சி ஏறுதா?” என்று கேட்டு வைத்தேன், ஒன்றும் தெரியாத மாதிரி. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னுமா பூச்சின்னு சொல்றீங்க? மொத காயிலைக் கழட்டுன அன்னிக்கே அவரு காட்டிப்போட்டாருங்க. ‘அக்கா, கஞ்சி அடச்சிருக்குது, புதுசுல வலை வெச்சுத் தர்றேன், வாரம் ஒருக்கா களுவிப்போடுங்க. அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. ரோசக்காரன், அப்பறம் பென்சிலே எடுக்க மாட்டான்’னாரு. எம்பட தலைல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. அவரே போயிட்டாரு, இனி என்னத்துக்கு சத்தியம்?”

எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, மாப்ள. என் ரோசத்தைக் காப்பாற்றச் சொல்லி உன்னை யார் கேட்டது? சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருக்கலாமே, நானும் அழுதுவிட்டு ஒத்துக்கொண்டிருப்பேனே. ஏழு மிஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்தோம். நீ தெரியாத மாதிரி இருந்தாய், நான் தெரியாத மாதிரி இருந்தேன். உன் மௌனத்தில் என்மேல் பிரியம் இருந்தது. என் மௌனத்தில் பயம் மட்டும்தான் இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்ததுதான் கொடுமை.

பெல்ட்டை மாட்டிவிட்டு நேராக அந்த முதலாளியின் பட்டறைக்குப் போனேன். வயதாகிவிட்டது அவருக்கு. அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: காயிலில் ஓட்டை இல்லை, தப்பு என் வரைபடத்தில், அது எனக்கு அப்போதே தெரியும். சொல்லி முடித்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்று ஆசைகூடப் பட்டேன்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் நின்ற தொட்டியைப் பார்த்தார்.

“எங்கிட்ட ரெண்டு வருசம் சின்னச் சின்ன வேலை செஞ்சானுங்க. அவன் வெச்ச ஒட்டு ஒண்ணுகூட உட்டுப்போனதில்ல. வேற எவன் வந்து சொல்லியிருந்தாலும் போடா வேலையப் பாத்துக்கிட்டுன்னு தொரத்தியிருப்பனுங்க” என்றார். “கூடவே இருக்கறவரு, நீங்களே சொல்றீங்களேன்னுதான் நம்பிப்போட்டேன்.”

வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்து, காவிரிப் பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டி நிறுத்தி அழுதேன். உன் சாவுக்கு வந்தபோதுகூட இப்படி அழவில்லை.

நீ போன பிறகு உன்னிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யாராவது கேட்டால், இத்தனை நாள் வேலை நுணுக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அப்படிச் சொல்ல முடியாது. ‘நீங்களே சொல்றீங்களேன்னுதான்’ என்ற அந்த மனிதரின் ஒற்றை வாக்கியம்தான் மிச்சம். உன் வேலையின் பேரைக் கெடுப்பது, உன்னைக் கெடுக்க நினைக்கிற எவனாலும் முடியாத காரியம், மாப்ள. உன் நண்பன் என்பதால் என்னால் முடிந்தது.