தைலம் இனி வராது

மதிப்பிற்குரிய என் கணவர் பூன்மி அவர்களுக்கு,

நொந்தபுரியிலிருந்து கம்நுவான் பணிவுடன் எழுதுவது. நான் நலமே. தங்கள் நலத்தைத் தாங்களே சொன்னாலும் இனி நம்புவதற்கில்லை.

எங்கள் நல மையத்தில் இரத்த அழுத்தம் பார்க்காமல் எவருக்கும் உடம்பு பிடித்துவிடுவதில்லை. மிகுந்திருந்தால் எதிர் அறை மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம். செவ்வாயன்று பப்பாளிக் கடை சம்ருவாய் அக்கா, அழுத்தம் பார்க்கத் தம் தோழியைச் செவிலியின் முன் தம் பெயரில் உட்காரவைத்துவிட்டு, தாம் வந்து என் பாயில் படுத்துக்கொண்டார். தோளில் கை வைத்தேன். அவருக்கு வாய் கோணிப் பேச்சுக் குழறியது. கூச்சலிட்டு மருத்துவரை அழைத்தேன். பிழைத்துக்கொண்டார்; தாங்கள் அஞ்ச வேண்டாம்.

நேற்று அவரைப் பார்க்கப் போனேன். அழுத்த மாத்திரையை முன்பே நிறுத்தியிருந்தாராம்.

"மாத்திரைய ஏன்க்கா நிறுத்துனீங்க?"

"உன் கை பட்டாலே எல்லாம் பறந்துடுதேடி! அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்று பாதி வாயால் சிரிக்கிறார்.

"என் கை என்ன சாமி கையா? இன்னொரு தடவை இப்படிப் பண்ணுங்க, நானே வெளிய தள்ளிக் கதவச் சாத்துறேன்!" என்று கத்திவிட்டேன்.

அறைக்குத் திரும்பினால் தங்கள் கடிதம்: நான் அனுப்பும் தைலமே போதுமாம், அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டீர்களாம்! தைலம் தங்கள் முழங்காலுக்கு அனுப்பியது, இரத்தத்துக்கு அல்ல. எனக்குப் புகழ் வேண்டாம், தாங்கள் வேண்டும்.

இனித் தைலம் வராது. இன்றே மாத்திரையைத் தொடங்குங்கள். பிறகு நம் ஊர் உப்பில் ஊறிய மீன் ஒரு ஜாடியுடன் நேரில் வாருங்கள். நாளெல்லாம் பிறர் தோளைப் பிடித்துவிடுகிறேன். என் தோளைப் பிடித்துவிட இங்கே ஆளில்லை.

அடுத்த நோயாளி வந்துவிட்டார். தாங்கள் வந்ததும் முதலில் தங்கள் அழுத்தம் பார்ப்பேன். தங்கள் தம்பியை உட்காரவைக்க எண்ணாதீர்கள். தங்கள் கையை நான் அறிவேன்.

கம்நுவான்