சடங்கு முடியட்டும்

யூலை 10

திரைச்சீலை எல்லாவற்றையும் கழற்றித் தோய்த்துப் போட்டேன். வெள்ளவத்தையில் கடல்பக்கத்து வீடு என்று எல்லாரும் பெருமையாகச் சொல்லுகிறார்கள். தோய்த்த துணியில் உப்புப் படிவதை யாரும் சொல்லுவதில்லை. சனிக்கிழமை தம்பி தனஞ்சயன் சுவிஸில் இருந்து குடும்பத்தோடு வருகிறான். நாலு வருசத்துக்குப் பிறகு. அங்கே பள்ளிக்கூட லீவு விட்டால் இங்கே கடைத்தெருவில் வெளிநாட்டுச் சனம் நிறைந்து நடக்க இடமில்லை.

பின்னேரம் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து அண்ணை பேசினார். குரல் மெலிந்து போய்விட்டது. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் பண்ணுகிறார்கள். "தனம் வந்தவுடனை கூட்டிக்கொண்டு வா பாலேசு. ரெண்டு பேரையும் ஒருக்காப் பாக்கோணும்" என்றார். வந்த கையோடு வருகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் இப்படிக் கேட்கிற ஆள் இல்லை.

யூலை 12

வந்துவிட்டார்கள். வீடு முழுக்கப் பெட்டி. மூத்தவள் ஆரணி என்னைவிட உயர்ந்துவிட்டாள், பதின்மூன்று வயதுப் பிள்ளை. சின்னவன் இனியன் வந்ததும் கேட்டது வைஃபை.

சாப்பிட்டு முடிய, எப்போது யாழ்ப்பாணம் போவோம் என்று கேட்டேன். மறுமொழி சொன்னது தனத்தின் மனைவி சாம்பவி. "பிள்ளையளுக்கு முதல் இந்த வெக்கை பழகட்டும் மச்சாள். இப்ப மிரிஸ்ஸ, பிறகு நுவரெலியா, வந்து சடங்கு. சடங்கு முடிய யாழ்ப்பாணம் போனால் நல்லூர்த் திருவிழாவும் பாக்கலாம்." எல்லா ஹோட்டலும் புக் பண்ணியாகிவிட்டது. தனம் பெட்டிப் பூட்டோடு மினைக்கெட்டுக்கொண்டிருந்தான்.

ஆரணி பெரியபிள்ளையானது போன கார்த்திகையில். அங்கே பனிக்காலம், மண்டபம் கிடைக்காது, சொந்தம் எல்லாம் இங்கே வரும் என்று சடங்கை இந்த லீவுக்குத் தள்ளி வைத்தார்கள். ஆடி மாதத்திலா என்று ஐயரைக் கேட்டேன். "பிள்ளைக்கு லீவு அப்பதானே? நாள் எடுத்துத் தாறன்" என்றார். வெளிநாட்டுக்காரருக்குப் பஞ்சாங்கமும் வளைந்து கொடுக்கிறது.

யூலை 13

அண்ணையிடம் விசயத்தைச் சொன்னேன். "ஓம், ஓம். சடங்கு முடியட்டும்" என்றார்.

யூலை 18, மிரிஸ்ஸ

என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நீங்கள் இல்லாமல் என்ன லீவு என்றாள் சாம்பவி. நான் இருந்தால்தான் உடுப்பும் செருப்பும் பத்திரமாக இருக்கும், அதுவும் உண்மை.

தென்னை, வெள்ளை மணல், பச்சைக் கடல். சாம்பவி எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். இந்தத் தீவிலேயே அறுபது வருசம் இருந்துவிட்டேன், இப்படி ஒரு கடற்கரையில் நான் கால் வைத்தது இதுதான் முதல்முறை. வடிவுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் துவாய்களுக்குக் காவல் இருந்தபடி அண்ணையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வரவேற்பு மேசையில் டில்ஷானி என்று பெயர் குத்திய ஒரு பெண். சாம்பவியோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில், வான் ஓட்டி வந்தவரும் நானும் பின்பக்க அறையில்தானே தங்குகிறோம் என்று கேட்டாள். என்னை வேலைக்கு வந்தவள் என்று நினைத்திருக்கிறாள். "நான் இவையின்ரை அக்கா" என்று சிங்களத்தில் சொன்னேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. பாவம், பார்த்ததைத்தானே கேட்டாள்.

யூலை 19

நிமலன், அண்ணையின் மகன், செய்தி அனுப்பியிருந்தான். அப்பாவை வார்ட்டில் வைத்திருக்கிறார்களாம்.

யூலை 22

வெள்ளவத்தை. தனம் பால்கனியில் தனியே நின்றபோது போய்ச் சொன்னேன், நான் மட்டும் பஸ்ஸில் போய் அண்ணையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. "நீங்கள் போனால் இங்கை எல்லாம் ஆர் பாக்கிறது அக்கா? பலகாரம், தட்டங்கள், சாம்பவியின்ரை பாரிஸ் ஆக்கள் வேற வருகினம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் போகோணும்போலைதான் இருக்கு. சாம்பவி எவ்வளவு பாடுபட்டு ஒழுங்குபடுத்தினவள். இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றான்.

இது அவன் வாங்கிய வீடு. ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும் அது என் வாயில் ஒரு பூட்டு. அது மட்டும்தானா? இல்லை. எனக்கும் ஆசை. கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை, ஆரணி ஒருத்திதான். அவளுக்குத் தட்டம் வைத்து அலங்கரிக்க வேறு யாரையும் விட எனக்கு மனமில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

யூலை 27

எல்லாரும் நுவரெலியாவில். நான் பயற்றம் பணியாரம் சுட்டேன், அரியதரத்துக்கு மா இடித்தேன். மத்தியானம் நிமலன் வீடியோவில் அண்ணையைக் காட்டினான். கட்டிலில் சின்னப் பிள்ளை மாதிரிக் கிடந்தார். "என்ன சுடுறாய்?" என்று கேட்டார். சொன்னேன். "உடைஞ்சதுகளை எனக்கு எடுத்து வை" என்றார். அவர் இனிப்புத் தொடக்கூடாது. எடுத்து வைக்கிறேன் என்றேன்.

யூலை 30

ஆரணிக்குச் சேலைச் சட்டை அளவு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். வரும் வழியில், "மாமி, எனக்கு இது வேண்டாம் எண்டு அம்மாட்டைச் சொன்னனான்" என்றாள். "எனக்கு பீரியட் வந்ததை ஏன் ஊர் முழுக்கச் சொல்லோணும்?" எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. எங்களுக்கும் அந்த வயதில் வெட்கமாகத்தான் இருந்தது. எங்களைக் கேட்டவர் யார்?

ஓகஸ்ட் 5

அண்ணை போய்விட்டார்.

காலை பூக்கடைக்குள் நிற்கும்போது அண்ணி போன் எடுத்தா. "பாலேசு, உம்மடை கொண்ணை போட்டார்." அவ்வளவுதான், பிறகு அழுகை. விடியப்புறமாம். பூக்காரர் தியாகராசா முல்லை மாலையைக் கையில் நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் வாங்கவில்லை. வாங்கலாமோ கூடாதோ என்று கை தயங்கினது. அப்போதே எனக்குச் சாவுத் துடக்குத் தொடங்கிவிட்டதே, நல்ல காரியம் ஒன்றும் தொடக்கூடாதே. எனக்கு, தனத்துக்கு, பிள்ளைகளுக்கு, எல்லாருக்கும் முப்பத்தொரு நாள். கூடப் பிறந்த சகோதரம். நாளைக்குச் சடங்கு.

"தனத்துக்கு நான் சொல்லுறன் அண்ணி" என்றேன். "வாறியளோ?" என்று கேட்டா. "வாறம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என்ன சொல்லியிருக்க வேணும்? உங்கடை புருசன் செத்த அடுத்த நாள் நாங்கள் மண்டபத்திலை பாட்டுப் போட்டு ஆடப்போறம், வரேலாது எண்டோ?

வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் சாம்பவியின் தமையன், பாரிஸில் இருந்து வந்த மாமன்காரர், பிள்ளைக்குக் கொண்டுவந்த சங்கிலியை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். சாம்பவி சிரிக்கிறாள். தனம் ஒரு மூலையில் இருந்தான். அவனைப் பார்த்தேன். இப்போது சொன்னால் சடங்கு நிற்கும். வந்த சனம் திரும்பும், சமையல்காரர் திரும்புவார், ஆரணி ஒரு அறைக்குள் இருந்து எல்லாரும் தன்னால் அழுகிறார்கள் என்று நினைப்பாள். நாளைக்குப் பின்னேரம் சொல்லலாம். இரவோடு இரவாக வானில் போகலாம்.

அண்ணி திரும்ப எடுத்தால் எல்லார் முன்னாலும் சத்தம் கேட்கும். போனை நிற்பாட்டி அலுமாரிக்குள் சீலைக்கடியில் வைத்தேன். பிறகு குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணை, என்னை மன்னியுங்கோ. என்னாலை ஏலாமல் போச்சு.

ஓகஸ்ட் 6

சடங்கு நடந்தது.

துடக்கோடு தட்டம் தொடக்கூடாது என்று முதுகு பிடித்துவிட்டதாகச் சொல்லிக் கதிரையில் இருந்தேன். என் கையால் அடுக்கிய தட்டங்களை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். ஐயர் திருநீற்றுத் தட்டை நீட்டியபோது கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

பிறகு ஐயர் குத்துவிளக்கு ஏற்றத் தாயையும் தகப்பனையும் கூப்பிட்டார். தனம் போகவில்லை. "மச்சான், நீங்கள் ஏத்துங்கோ. என்ரை கை சுட்டுப்போட்டுது" என்று பாரிஸ்காரரை முன்னால் தள்ளிவிட்டான். எந்தக் கை? காலையில் அந்தக் கையால்தான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்தான், எனக்குத் தெரியும். அவன் நெற்றியைப் பார்த்தேன், வெறும் நெற்றி. அவன் என் நெற்றியைப் பார்த்தான்.

அவனுக்கும் தெரியும். எழுந்து போய்க் கேட்க நினைத்தேன். அவன் உடனே முகத்தைத் திருப்பி, சாப்பாட்டுப் பந்தியைப் பார்க்கப் போய்விட்டான். நானும் விட்டுவிட்டேன். சடங்கு முடியட்டும், முடியட்டும் என்று.

ஆரணி வடிவாக இருந்தாள். தலை நிறையப் பூ. அவ்வளவு நேரமும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது வான் நிறையப் பாரிஸ்காரர். எல்லாரும் இங்கேதான் படுத்தார்கள், கூடத்தில் பாய் போட்டு. ஒரு சொல் பேச இடமில்லை.

ஓகஸ்ட் 7

பாரிஸ்காரருக்கு மத்தியானச் சாப்பாடு. நண்டு வேண்டும் என்றார்கள். நான்தான் சமைத்தேன். நான் உண்ணவில்லை, தனமும் உண்ணவில்லை. வயிறு சரியில்லை என்றான். எனக்கும் சரியில்லை என்றேன்.

பொழுது படும்போது அவர்கள் போனார்கள். சாம்பவியும் பிள்ளைகளும் வாசல் வரை வழியனுப்பப் போக, தனம் குசினிக்குள் வந்து நின்றான்.

"எப்ப அறிஞ்சனீங்கள் அக்கா?"

"முந்தநாள். அண்ணி எடுத்தவ. நீ?"

"நிமலன் எனக்கு எடுத்தவன். மாமிக்கு இப்ப சொல்லாதை, அவ தாங்கமாட்டா, சடங்கு முடிய நான் சொல்லுறன் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் அவனுக்காக மறைத்தேன், அவன் எனக்காக மறைத்தான். பக்கத்துப் பக்கத்து அறையில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறோம். அவன் அப்படியே நிலத்தில் குந்தி இருந்துவிட்டான். ஐம்பத்திரண்டு வயது மனிசன், விம்மி விம்மி அழுதான். நேற்றே பிரேதம் எடுத்திருப்பார்கள் அக்கா, எல்லாம் முடிந்திருக்கும் என்றான். ஓம் என்றேன். மறுநாள் எடுப்பதுதானே வழக்கம்.

சாம்பவி வந்து பார்த்துவிட்டாள். பிறகு மறைக்க என்ன இருக்கிறது? சொன்னோம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப, பிள்ளைக்குச் செய்தது முழுக்கத் துடக்கோடையோ?" என்றாள். பிறகு அவளே அழுதாள். "எனக்குச் சொல்லியிருந்தால் நான் நிப்பாட்டியிருப்பன். என்னை என்னெண்டு நினைச்சனீங்கள்?"

நிற்பாட்டியிருப்பாளா? தெரியாது. நாங்கள் கேட்கவில்லையே. இரண்டு பேரும் அவளை அப்படி நினைத்துத்தான் இருந்தோம். இப்போது அவள் அழுததைப் பார்த்தால் நினைத்தது பிழையோ என்று இருக்கிறது.

ஆரணி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

ஓகஸ்ட் 8

யாழ்ப்பாணத்துக்குப் பிறகு தங்கப் புக் பண்ணியிருந்த பாசிக்குடா ஹோட்டலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளை விடிய எல்லாருமாக வானில். டிறைவர் ரொஷானுக்குக்கூட விசயம் தெரியும். பாட்டுப் போடமாட்டேன் என்று தானாகவே சொன்னான். போனை இன்னும் நான் எடுத்துப் பார்க்கவில்லை. தனம் தன்னுடையதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தான். என்ன என்று கேட்டேன். போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றான்.

ஓகஸ்ட் 9, கொக்குவில்

பின்னேரம் இரண்டு மணியளவில் வந்து சேர்ந்தோம். முற்றத்தில் இன்னும் பந்தல் கழற்றவில்லை. நிமலன் மொட்டை அடித்திருந்தான். தனத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான்.

அண்ணி கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பா என்று நினைத்தேன். வைக்கவில்லை. அழுது முடித்த ஆள் மாதிரி இருந்தா. கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தா.

"நீர் வாறம் எண்டு சொன்னனீர்தானே" என்றா. "அதாலை மற்ற நாள் பிரேதம் எடுக்கேல்லை. கொண்ணைக்கு வாய்க்கரிசி போடச் சகோதரம் வருகுது எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். உடம்புக்கு மருந்து ஏத்தி ஏழாந்தேதி பின்னேரம் வரைக்கும் வைச்சிருந்தம். எத்தினை தரம் எடுத்தம், உம்மடை போனும் வேலை செய்யேல்லை, தனம் தூக்கவும் இல்லை. பிறகு பெரியாக்கள், இனி வைச்சிருக்கேலாது எண்டிட்டினம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஏழாம் தேதி பின்னேரம் நான் நண்டுச் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். சடங்கு முடிந்த அன்று இரவே புறப்பட்டிருந்தால் முகம் பார்த்திருக்கலாம். தனம் வாசல் தூணோடு நின்றான், உள்ளே வரவில்லை. போனில் அவன் பார்த்தது இதைத்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. சாம்பவி அண்ணியின் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

பிறகு அண்ணி கேட்டா, "பிள்ளையின்ரை சடங்கு வடிவாய் நடந்ததோ?"

"ஓம் அண்ணி."

"படம் இருந்தால் காட்டுங்கோவன். அவர் பாக்கோணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்."

சாம்பவி போனைக் கொடுத்தாள். அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படமாக, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே போனா.